வைட்டமினைப் போலி செய்த மருந்து

1940-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்குக் கொடுக்க மருந்து என்று எதுவும் இல்லை. ரத்தம் ஏற்றுவார்கள்; சில வாரங்களிலோ மாதங்களிலோ குழந்தை போய்விடும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அந்தக் குழந்தைகளைப் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை மேசையில்தான் சந்தித்து வந்தார். உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று வார்டுக்கு வந்தவர் கையில் எடுத்தது ஒரு வைட்டமினை. ஃபோலிக் அமிலம்.

அந்த வைட்டமினின் கதை நம் நாட்டில் தொடங்குகிறது. 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். அவர்களில் பலர் துணி ஆலைகளில் வேலை செய்தவர்கள். அவர் ஆய்வில் ஒரு பகுதி குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் நடந்தது. ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். மார்மைட்டில் குணம் தந்த பொருளைப் போன்ற ஒன்றைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்த அமெரிக்க ஆய்வாளர்கள், 1941-இல் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். மஜ்ஜையில் ரத்த அணுக்கள் ஒழுங்காக முதிர அது வேண்டும். ரத்தப் புற்றில் முதிராத அணுக்கள்தான் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அப்படியானால் ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அவை திருந்தாதா? நியாயமான எண்ணம்தான்.

நடந்தது நேர்மாறு. குழந்தைகளின் மஜ்ஜையில் புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகின. நிம்மதியாகக் கண்மூட விடவேண்டிய குழந்தைகளை வதைக்கிறார் என்று சக மருத்துவர்களே கோபப்பட்டார்கள். இந்த மருந்தின் கதையில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டத்தைத்தான். ஃபார்பர் அந்தத் தோல்வியை மறைக்கவுமில்லை, அதோடு விட்டுவிடவுமில்லை. ஃபோலிக் அமிலம் புற்றுக்குத் தீனி என்றால், அந்தத் தீனியை நிறுத்திப் பார்த்தால் என்ன என்று யோசித்தார்.

நிறுத்துவதற்கான பொருளைத் தந்தவர் நம் சென்னையில் படித்தவர். பீமாவரத்தில் 1895-இல் பிறந்த யெல்லாப்ரகட சுப்பாராவ், மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து நின்றது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர். 1923-இல் பாஸ்டனுக்குப் போய், மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தார். ஹார்வர்டில் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்து உயிர்வேதியியலில் பெயர் பதித்தும், அங்கே நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குச் சென்றார். 1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே தயாரித்தது.

ஒரு மூலக்கூறைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு அதைச் சற்றே மாற்றிக் கட்டவும் தெரியும். அங்கிருந்த டோரிஸ் சீகரும் சக வேதியியலாளர்களும் 1947-இல் அமினோப்டெரினைச் செய்தார்கள். உருவத்தில் ஏறக்குறைய ஃபோலிக் அமிலமேதான். ஆனால் பூட்டுக்குள் நுழைந்து திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் கள்ளச்சாவிபோல, அது நொதியில் ஒட்டிக்கொண்டு விடாது. டி.என்.ஏ.வைக் கட்டத் தேவையான பொருள் கிடைக்காமல், வேகமாகப் பிரியும் அணுக்கள் முதலில் மடிகின்றன. அது எந்த நொதி என்பது தெளிவானதே பத்தாண்டுகளுக்குப் பிறகுதான்.

1947-இன் கடைசியில் ஃபார்பர் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948 ஜூனில் வெளியான கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக எழுதினார். தணிந்தது தற்காலிகமாகத்தான், அதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும் ரத்தப் புற்று ஒரு மருந்துக்குப் பணிந்து பின்வாங்கியதை மருத்துவ உலகம் கண்ணால் கண்டுவிட்டது. கட்டுரையின் ஆசிரியர்களில் சுப்பாராவ் இல்லை. அந்த ஆகஸ்டில், 53 வயதில், அவர் இறந்துபோனார். அவர் பெயரை இன்றும் நம் பாடப் புத்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

அமினோப்டெரினைவிடக் கையாள எளிதான தம்பி ஒன்றும் அதே ஆய்வகத்திலிருந்து வந்தது. அதுதான் மெத்தோட்ரெக்சேட். 1956-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும், கருப்பையில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுக்கு அதைக் கொடுத்தார்கள். கட்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன. லீ அதோடு நிறுத்தவில்லை. அந்தப் புற்று சுரக்கும் ஹார்மோன் சிறுநீரில் கொஞ்சமாவது தெரிந்தால் நோய் உள்ளே இருக்கிறது என்று சொல்லி, அது முற்றிலும் மறையும்வரை மருந்தைத் தொடர்ந்தார். இல்லாத நோய்க்கு நஞ்சைக் கொடுக்கிறார் என்று மேலிடம் அவரை வேலையிலிருந்தே அனுப்பியது. காலம் லீயின் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது: மருந்தால் மட்டுமே முழுதாகக் குணமான முதல் திடக்கட்டிப் புற்று அது. 1972-இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு ஒரே மருந்து போதவில்லை. 1960-களில் மெத்தோட்ரெக்சேட்டோடு நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டினையும் வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1980-களில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும், மும்பை, டெல்லி மருத்துவமனைகளும் கைக்கொண்ட கூட்டுமருந்து முறையிலும் மெத்தோட்ரெக்சேட் இருந்தது.

இன்று நம் ஊர்களில் இதை அதிகம் தெரிந்தவர்கள் முடக்குவாதத்தால் விரல் மூட்டு வீங்கியவர்கள். அவர்களுக்கு இது மிகக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும். பக்கவிளைவைக் குறைக்க, மருத்துவர்கள் வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருகிறார்கள். வார மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. வீட்டில் யாருக்காவது இந்த மருந்து இருந்தால், எந்தக் கிழமை என்பதை மருத்துவரிடம் கேட்டு அட்டையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.