பேறுகால வேதனையும் பொறுமையின் பொருளும்

திருமறையின் ‘மர்யம்’ அத்தியாயம் ஒரு தாயின் பேறுகால வேதனையை மறைக்காமல் எடுத்துரைக்கின்றது. பேரீச்ச மரத்தடியில் அன்னை மர்யம் (அலை) அவர்கள் உயிரையே வெறுக்குமளவு துயருற்றார்கள். இறைவன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நீரூற்றையும் கனிந்த பழங்களையும் அருளி ஆறுதல் அளித்தான்.

மனிதர்களோ இந்த ஆறுதலை எளிதில் அளித்தார்களில்லை. 1847ல் எடின்பரோ நகரில் டாக்டர் ஜேம்ஸ் சிம்ப்ஸன் பேறுகாலத்தில் குளோரோபாரம் கொடுத்தபோது, அவ்வேதனை பெண்ணுக்கு விதிக்கப்பட்டது, நீக்கலாகாது என வாதிட்டோர் இருந்தனர். 1853ல் விக்டோரியா அரசியார், இளவரசர் லியோபோல்டைப் பெற்றெடுக்கையில், டாக்டர் ஜான் ஸ்நோவின் கையால் அம்மருந்தை ஏற்றார். அதன்பின் எதிர்ப்பு மெல்லத் தணிந்தது.

அதே அரசியாரின் செவிக்கு நம் பெண்களின் துயரமும் பின்னர் எட்டியது. எட்டச் செய்தவர் மேரி ஷார்லிப் அம்மையார். ஆண் மருத்துவரை நாட மனமின்றி, இல்லத்துக்குள்ளேயே துடித்து மாண்ட கோஷாப் பெண்களின் நிலை கண்டு, 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றவர் அவர். லண்டனிலும் பட்டம் பெற்றுத் திரும்பிய அவரது முயற்சியால் 1885ல் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழுந்தது. ‘கோஷா ஆஸ்பத்திரி’ என மக்கள் அழைத்த அதுவே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகின்றது.

அறுவையின்போது எழும் வலியை மயக்க மருந்து வென்றது. ஆனால் மயக்கம் தெளிந்தபின் வரும் வலி? அபினிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மார்பினைச் சிற்றளவில் முதுகுத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் செலுத்தினால் வலி நெடுநேரம் அடங்கும் என்பதை 1979ல் மருத்துவர்கள் வெளியிட்டனர். எனினும் இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், நோயாளிக்கும் மார்பின் எட்டாக்கனியாகும்படி செய்துவிட்டது. 2014ல் செய்யப்பட்ட திருத்தமே அக்கட்டைத் தளர்த்தியது.

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி போன்ற நம் ஊர்களில், ஒரு காலத்தில் பிள்ளைப்பேறு வீட்டில் மருத்துவச்சியின் கையில் நிகழ்ந்தது. இன்று வயிற்றைக் கீறிப் பிள்ளையெடுப்பதும், கருப்பையை அகற்றுவதும் அரிய செய்திகளல்ல. ஆயினும், “பொறுத்துக்கொள், மாத்திரை பாலில் இறங்கிவிடும்” என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. பாராசிட்டமாலும் இபுபுரோபெனும் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கின்றன. மருத்துவர் தேர்ந்து கொடுக்கும் இத்தகைய மருந்துகளை, வலி முற்றும்வரை காத்திராமல், குறித்த வேளையில் உட்கொள்வதே முறை. அடங்காத வலி ஆழ்ந்து மூச்சுவிடத் தடையாகும். எழுந்து நடக்க விடாது. நடவாமையால் காலில் இரத்தம் உறையவும் கூடும். குழந்தையை அணைத்துப் பாலூட்டுவதும் அரிதாகும். வலி நாளுக்கு நாள் குறையாமல் ஏறினாலோ, காய்ச்சல், மிகுந்த உதிரப்போக்கு, புண்ணில் சீழ், கெண்டைக்காலில் வீக்கம் ஆகியன தோன்றினாலோ தாமதியாமல் மருத்துவரை நாடவேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மருந்து செய்துகொள்ளப் பணித்தார்கள். ஆகவே ஸபுர் என்பது மருந்தை மறுப்பதன்று. பேறு முடிந்த நாற்பது நாளும் தாயைத் தாங்குவது நம் குடும்பங்களின் நல்வழக்கம். அவள் சொல்லும் வலிக்குச் செவிசாய்ப்பதும் அத்தாங்குதலில் ஒரு பகுதியே. மரத்தடியில் மர்யம் (அலை) அவர்களுக்குக் கிட்டிய ஆறுதல் நம் வீட்டுப் பெண்களுக்குக் கிட்டாதிருக்கலாமா?