செவிக்கு உதவும் அழுத்தக் காற்று

தொழிலாளர்களின் உழைப்பிலிருந்து பிறந்த ஒரு மருத்துவத்தின் வரலாற்றை இன்று காண்போம்.

பிரான்சு நாட்டில் லுவார் ஆற்றோரம் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியபோது, ஆற்றுநீர் புகாதிருக்கத் திரிஷே என்ற பொறியாளர் இரும்புக் குழாய்க்குள் காற்றை அழுத்திச் செலுத்தி, ஆட்களை உள்ளே இறக்கினார். மேலே வந்த சிலருக்குக் கைகால்களில் கடும் வலி கண்டது. போரில் காது மந்தமாகிப்போன ஒரு தொழிலாளியோ, அழுத்தக் காற்றுக்குள் தம் தோழர்களைவிடத் தெளிவாகக் கேட்டாராம். இவற்றைத் திரிஷே எழுதி வைத்தார்.

வலியின் காரணத்தை 1878இல் போல் பெர் என்ற அறிஞர் விளக்கினார். அழுத்தத்தால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறைந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் குமிழியாகிறது. இந்நோயைத் தீர்க்க அழுத்த அறைகள் பயன்பட்டன. 1960இல் ஆம்ஸ்டர்டாம் நகர மருத்துவர் பூரெமா, சிவப்பணுக்கள் அநேகமாக நீக்கப்பட்ட பன்றிகளையும் அழுத்தப் பிராணவாயுவால் உயிரோடு வைத்துக் காட்டினார்.

நம் பேராக் மாநிலத்தில், லுமுட் இராணுவ மருத்துவமனையில் இத்தகைய சிகிச்சைக்கான கழகம் 1996இல் ஏற்பட்டது. முக்குளிப்போருக்கும், ஆறாத நீரிழிவுப் புண் உடையோருக்கும் அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டிருக்கிறது.

செவிக்கு இதனால் என்ன பயன்? உட்செவியின் நுண்ணிய அணுக்கள் பிராணவாயு குறைந்தால் விரைவில் கெடும். மூன்று நாட்களுக்குள் திடீரென ஒரு காது கேளாமற் போகும் நோய்க்குப் பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. ஸ்டீராய்டு மருந்தே இதற்கு முதன்மையாகத் தரப்படுகிறது. அதனுடன் அழுத்தப் பிராணவாயுவையும் தரலாமென 2011இல் அமெரிக்க நாட்டின் உயர் அழுத்த மருத்துவச் சங்கம் ஏற்றது. இரண்டு அல்லது இரண்டரை மடங்கு காற்றழுத்தத்தில், நாளொன்றுக்குச் சுமார் 90 நிமிடம், 10 முதல் 20 முறை சுவாசிக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது என்கிறது 2019ஆம் ஆண்டின் மருத்துவ வழிகாட்டி. எல்லாருக்கும் குணமாகும் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? குறும்பி அடைத்திருக்கிறது என்று எண்ணெய் விட்டு, வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். அடைத்தது குறும்பியா, கெட்டது உட்செவியா என்பதை மருத்துவரே சோதித்துச் சொல்ல முடியும். ஆகவே அன்றே, தவறினால் மறுநாளே, கிளினிக்குக்குச் சென்று, காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்பும்படி கேட்போம். அழுத்த அறை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

மண்ணுக்கடியில் உழைத்தவர்களின் வலியிலிருந்து கிடைத்த அறிவு இது. நம் தாமதத்தால் அது நமக்குப் பயன்படாமற் போகக்கூடாது.