பழவேற்காட்டு ஒல்லாந்தர் இடுகாடு

மாண்டார்க்குக் கல் நாட்டிப் பெயர் பொறித்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் ஆறு துறையாக வகுத்துரைத்தார். பிறநாட்டார் தம்மவர்க்கு நாட்டிய கற்களும் நமது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டில் அவற்றை இன்றுங் காணலாம்.

டச்சுக்காரர் எனப்படும் ஒல்லாந்தர், விஜயநகர வேந்தர் வேங்கடபதி தேவராயரின் இசைவு பெற்று, 1610-ஆம் ஆண்டில் இங்கே பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியர் 1612-இல் அதனைத் தாக்கினர். ஆதலின் 1613-இல் கெல்திரியா என்னுங் கோட்டை எழுந்தது. சாயத்துணி வாணிகத்தாற் செழித்த இவ்வூரே 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடமாயிருந்தது. பின்னர்த் தலைமை நாகப்பட்டினஞ் சென்றது. 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கின்றது. இடுகாடோ இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் நிலைபெற்றுள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டுருவங்கள் இரண்டு செதுக்கப்பட்டுள்ளன. நிலையாமையை உணர்த்த வேறு சொல் வேண்டா. உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள் உள. கருங்கற் பலகைகளில் குலச்சின்னங்களும், ஒல்லாந்த மொழியிற் பெயரும் நாளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

சோழமண்டலக் கரையிற் செதுக்கிய இத்தகைய கற்பலகைகள் அக்காலத்தே கடல் கடந்து, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவிற்குஞ் சென்றன. அவ்வூருக்கே மனிதருங் கொண்டுபோகப்பட்டனர். பஞ்சமும் போரும் நேர்ந்த காலங்களில் வயிற்றுக்கில்லாது விற்கப்பட்ட நம்மவரை ஒல்லாந்தர் அடிமைகளாக வாங்கிப் பழவேற்காட்டிலிருந்து கப்பலேற்றினர். வாணிகத் தலைவர்க்குக் கல் உண்டு. அவ்வேழைகட்கு ஒரு செங்கல்லும் இல்லை. கல் செதுக்கிய தச்சர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை.

ஆயினும் ஒரு பெயர் தப்பியது. 1630-களில் இங்கிருந்த ஆபிரகாம் ரோச்சேரியுஸ் என்னும் பாதிரியார், பத்மநாபன் என்னும் அந்தணர் வாயிலாக நம் நாட்டுச் சமய ஒழுக்கங்களைக் கேட்டறிந்து நூலெழுதினார். பர்த்ருஹரியின் சுலோகங்களும் அதில் மொழிபெயர்க்கப்பட்டன. நூல் ஆசிரியர் மறைந்தபின், 1651-இல் ஒல்லாந்து நாட்டு லெய்டனில் அச்சேறியது. தமக்குக் கற்றுத் தந்தவரின் பெயரை அவர் ஏட்டில் எழுதிவைத்தமையால், பத்மநாபன் பெயர் இன்றும் வாழ்கின்றது.

சங்கத்து அன்பர்காள்! கல் நாட்டப் பெரும்பொருள் வேண்டும். எழுதிவைக்க ஓர் ஏடும் எழுதுகோலுமே போதும். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் உழைக்கும் நம் இளைஞர் விடுமுறை நாளொன்றில் மனைவி மக்களுடன் பழவேற்காடு சென்று வருக. வீடு திரும்பியதும், முதியோரைக் கேட்டு முன்னோர் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை எழுதிவைக்க. முதியோர் உள்ளபோதே இது செய்யத் தக்கது.