கிரிப்டான் – அரியலூர், வழி: சிவகாசி

எங்கள் தாத்தாவிடம் நான் சூப்பர்மேனைப் பற்றி முதன்முதலில் சொன்னது 1988-இல். எனக்குப் பத்து வயது. நோட்டில் ஒட்டுகிற லேபிளில் நீலச் சட்டை, முதுகில் சிவப்புத் துணியோடு ஒருத்தன் பறந்துகொண்டிருந்தான்.

"யார்றா இவன், ஜட்டிய வெளியில போட்டுக்கிட்டு?"

வேற கிரகத்திலிருந்து வந்தவன், குண்டு பாயாது, ஓடுற ரயிலைக் கையாலயே நிறுத்துவான் என்று மூச்சு விடாமல் சொன்னேன். சினிமா பார்த்த பையன் வகுப்பில் சொன்னதைத்தான் அப்படியே ஒப்பித்தேன்.

தாத்தா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ரயில நிறுத்துவானா? அம்பத்தாறுல எங்க போயிருந்தான் உன் ஆளு?"

அரியலூர்க்காரர்களுக்கு 'அம்பத்தாறு' என்றால் வேறு விளக்கம் வேண்டாம். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 1956 நவம்பர் 23, விடியற்காலை. மழையில் பெருகிய மருதையாறு ரயில் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி அந்தப் பாலத்தில் ஏறியது. இறந்தவர்கள் 140 பேருக்கும் மேல். பொறுப்பேற்றுப் பதவி விலகினார் அன்றைய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அவரை மாமனிதர் என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பெயரும் கூடவே வரும். தாத்தா அன்று ஆற்றங்கரைக்குப் போனவர்களில் ஒருத்தர். அங்கே பார்த்ததைப் பற்றி அவர் பேசவே மாட்டார். அந்த லேபிள்தான் எப்படியோ அவர் வாயைத் திறந்தது.

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைக்க இன்னும் பதினைந்து வருஷம் ஆனது. அதுவும் சூப்பர்மேன் புத்தகத்திலிருந்து இல்லை, சிவகாசியில் அச்சான ஒரு காமிக்ஸ் வழியாக.

*

சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. அதே ஊரிலிருந்து 1984 ஜூலையில் எஸ். விஜயன் ஆசிரியராக லயன் காமிக்ஸ் வந்தது. முதல் இதழில் மாடஸ்டி பிளைசி. அடுத்த சில மாதங்களில் 'எத்தனுக்கு எத்தன்' என்ற கதையோடு ஸ்பைடர் வந்து இறங்கினான். மார்வெலின் சிலந்தி மனிதன் வேறு, இவன் வேறு. கூரான காது, உச்சந்தலையில் கூராக முடியும் முடி, கறுப்பு உடை, வலையைப் பீய்ச்சும் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார். தன்னைத் தானே குற்றச் சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டவன். வாசகர்கள் செல்லமாக வைத்த பெயர் 'கூர்மண்டையர்'.

எனக்கு அவன் கிடைத்தது பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கடையில். வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தான். கதை 'பாட்டில் பூதம்'. காசு பற்றாததால் மூன்று பேர் சேர்ந்து வாங்கினோம். ஆளுக்கு ரெண்டு நாள் என்று முறை. கடைசி ஆள் நான் என்பதால் புத்தகம் கடைசியில் என்னிடமே தங்கிவிட்டது. அதற்காக ஒருத்தன் இன்றைக்கும் என்னோடு சண்டை போடுகிறான்.

என் பிரதியில் கதை எழுதியவர் பெயர் எங்கேயும் இல்லை. கதைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. காமிக்ஸ் சிவகாசியில் விளைகிறது, பட்டாசு மாதிரி, தீப்பெட்டி மாதிரி. அவ்வளவுதான்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் ஒரு நாள் ஸ்பைடரைத் தேடினேன். பிரிட்டனில் 'லயன்' என்ற வார இதழில் 1965 ஜூனில் தொடங்கிய தொடர். படம் வரைந்தவர் ரெஜ் பன். முதல் கதைகளை எழுதியவர் டெட் கோவன். அவருக்குப் பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல்.

அந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இன்னொரு முறை தேடினேன். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அதே ஆள்தான்.

சூப்பர்மேனைப் பெற்றவர் ஏன் லண்டன் வார இதழுக்குக் கூர்மண்டையரை எழுதிக்கொண்டிருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குள் போனால் ஒரு நூற்றாண்டின் காமிக்ஸ் வரலாறே கிடக்கிறது.

*

ஜெர்ரி சீகல் பிறந்தது 1914-இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா மிட்செல் துணிக்கடை வைத்திருந்தார். 1932 ஜூனில் ஒரு மாலை, கடைக்குள் திருடர்கள் வந்தார்கள். அந்தக் களேபரத்தில் மிட்செல் சரிந்து விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு. ஜெர்ரிக்கு வயது பதினேழு.

அடுத்த வருஷமே, பள்ளித் தோழன் ஜோ ஷுஸ்டர் படம் போட, தான் சொந்தமாக நடத்திய அறிவியல் புனைகதை இதழில் ஜெர்ரி ஒரு கதை எழுதினார். அதில்தான் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதலில் வருகிறது. ஆனால் அவன் வில்லன். இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற ஏழை ஒருவனுக்கு, விண்கல்லிலிருந்து எடுத்த மருந்தை ஒரு பேராசிரியர் கொடுக்கிறார். பிறர் மனதைப் படிக்கிற சக்தி வருகிறது. உலகத்தை ஆள நினைக்கிறான். மருந்தின் வேகம் இறங்கியதும் திரும்ப ரொட்டி வரிசைக்கே போகிறான். அமெரிக்காவில் வேலையே இல்லாத காலம் அது.

பிறகு இருவரும் அவனைத் தலைகீழாகத் திருப்பினார்கள். கெட்டவன் நல்லவன் ஆனான். குண்டு பாயாத உடம்பு வந்தது. கொள்ளையர்கள் வந்த கடையில் அப்பாவை இழந்த பையன், கொள்ளையனால் ஒன்றும் செய்ய முடியாத ஒருவனைக் கற்பனை செய்தான் என்று சிலர் இதை விளக்குகிறார்கள். ஜெர்ரி தன் பேட்டிகளில் அப்பாவின் சாவைப் பற்றிப் பேசியதில்லை என்கிறார்கள். எனக்கு அது புரிகிறது. எங்கள் வீட்டிலும் ஆற்றங்கரையைப் பற்றிப் பேசாத ஒருவர் இருந்தார்.

ஐந்தாறு வருஷம் பத்திரிகைகள் சூப்பர்மேனைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. கடைசியில் 1938-இல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தான். இன்று நாம் அறிந்த அண்ட சராசர நாயகன் அல்ல அவன். அவனுக்குப் பறக்கவே தெரியாது, தாவத்தான் தெரியும். அவன் கிரகத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. அது அழிந்த கதை ஒரே ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். அவன் அடித்தது மனைவியை அடிக்கிறவனையும் ஊழல் அரசியல்வாதியையும்.

மூன்றாவது இதழின் கதை எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் பிடிக்கும். பாதுகாப்புக்குச் செலவு செய்யாத ஒரு சுரங்க முதலாளி. சுரங்கம் சரிந்து ஒரு தொழிலாளி முடமாகிறான். சூப்பர்மேன் என்ன செய்கிறான்? விருந்துக்கு வந்த பணக்காரக் கூட்டத்தையும் முதலாளியையும் அதே சுரங்கத்துக்குள் இறக்கி, வாசலை மூடிவிடுகிறான். அபாய மணி வேலை செய்யாது, மண்வெட்டி பிடித்துத் தோண்டிப் பார்த்தால் கை ஓய்ந்துபோகும். வெளியே வந்ததும் முதலாளி திருந்துகிறார். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியில் பள்ளிக்கூடம் போன எனக்கு, கிரிப்டானைவிட அந்தச் சுரங்கம்தான் பக்கத்தில் இருக்கிறது.

*

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம்.

பக்கத்துக்கு 10 டாலர், 13 பக்கம். மொத்தம் 130 டாலர். 1938 மார்ச்சில் அந்தக் காசுக்கு, சூப்பர்மேனின் எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்து மூன்று வயது. அச்சில் வந்தால் போதும் என்ற அவசரம். அந்த ஒரு கையெழுத்தின் மேல் பிறகு எத்தனை கோடி எழுந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

1947-இல் வழக்குப் போட்டார்கள். சுமார் 94,000 டாலரோடு சமரசமாக முடிந்தது. வேலை போனது, புத்தகத்திலிருந்து பெயரும் போனது. 1959-இல் ஜெர்ரி அதே நிறுவனத்துக்குத் திரும்பி வந்தார், தான் பெற்ற பிள்ளைக்குப் பெயர் போடாத கூலி எழுத்தாளராக.

வேடிக்கை என்னவென்றால் அவருடைய ஆகச் சிறந்த கதைகள் சில அப்போதுதான் வந்தன. சூப்பர்மேன் முழுசாக அண்டவெளிக்குப் போன காலம் அது. கிரிப்டான் என்ற பெயர் 1939-இல் செய்தித்தாள் தொடரில் வந்திருந்தது. பச்சைக்கல் கிரிப்டோனைட் 1943-இல் ரேடியோ நாடகத்தில் பிறந்தது. ஆனால் புத்தகத்தில் தான் எங்கிருந்து வந்தோம் என்பதையே சூப்பர்மேன் 1949 வரை அறிந்திருக்கவில்லை. 1958-இலிருந்து வரிசையாக வந்தன: பாட்டிலுக்குள் சுருக்கப்பட்ட காண்டோர் நகரம், சூப்பர்கேர்ள், குற்றவாளிகளை ஆவி போல அடைத்து வைக்கிற வெளி. ஒரு கட்டத்தில் முடிந்துபோன கிரகத்துக்கு மொழி, ஊர், உறவு எல்லாம் முளைத்தன.

1960 நவம்பர் இதழில் ஜெர்ரி எழுதிய கதையில், காலத்தைத் தாண்டி வழி தவறிய சூப்பர்மேன், கிரிப்டான் அழிவதற்கு முன்னால் அங்கே போய் இறங்குகிறான். அங்கே அவனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. இளைஞர்களாக இருக்கும் தன் அப்பா அம்மாவைப் பார்க்கிறான். மகன் என்று சொல்லிக்கொள்ளாமல் நண்பனாகப் பழகுகிறான். ஒரு நடிகையைக் காதலிக்கிறான். மக்களைக் காப்பாற்ற அப்பாவோடு சேர்ந்து ஒரு விண்கலம் கட்டுகிறான். கட்டிய இடம் காண்டோர். அந்த ஊரையே பிரைனியாக் சுருக்கித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். சரி, இவர்களோடே சாவோம் என்று முடிவெடுத்த பிறகு, ஒரு சினிமாப் படப்பிடிப்பு ராக்கெட் தற்செயலாகக் கிளம்பி அவனை வெளியே கொண்டுபோய்விடுகிறது. எல்லோரும் இருக்கிற கிரகம் கீழே இருக்க, அவன் மட்டும் தப்பிக்கிறான்.

அப்பாவை இழந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து இதை எழுதியிருக்கிறார். உலகத்தின் மகா பலசாலியை அவன் அப்பாவிடமே கூட்டிப்போய், உன்னாலும் முடியாது என்று காட்டியிருக்கிறார். இதைப் படித்த அன்றுதான் தாத்தாவின் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

*

1960-களின் நடுவில் உரிமைக்காக மறுபடியும் சட்டப்படி மோதத் தயாரானதும் அமெரிக்காவில் அவருக்கு வேலை நின்றது. அப்போது கிடைத்ததுதான் லண்டன் வேலை, நம் ஸ்பைடர். ஜெர்ரி கைக்கு வந்ததும் அந்தக் குற்றச் சக்கரவர்த்தி முழுசாகத் தடம் மாறி, குற்றத்தை ஒழிக்கிறவனாகிறான். ஆணவம் மட்டும் குறையவில்லை. தமிழில் ஒரு கதையின் பெயரே 'நீதிக் காவலன் ஸ்பைடர்'. 1933-இல் தன் சொந்த வில்லனைத் திருத்தியதை, ஐம்பது வயதில் இன்னொருத்தர் வில்லனுக்கும் செய்திருக்கிறார். பிரிட்டனில் சில வருஷம் ஓடி நின்றுபோன அந்தத் தொடர், கால் நூற்றாண்டு தாண்டியும் தமிழில் விற்றுக்கொண்டிருந்தது. ஸ்பைடர் வந்த பிறகுதான் லயனுக்கு உயிர் வந்தது என்று பழைய வாசகர்கள் சத்தியம் பண்ணுவார்கள்.

நாங்கள் அவனுக்காக அடித்துக்கொண்ட நாட்களுக்குச் சில வருஷம் முன்பு வரை, ஜெர்ரி லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. ஜோ ஷுஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 1975-இல் சூப்பர்மேன் சினிமா தயாராகிறது என்று தெரிந்ததும், அந்தப் படம் நாசமாகப் போகட்டும் என்று சபித்து ஜெர்ரி பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். ஓவியர்கள் திரண்டார்கள், செய்தி பரவியது. வருஷத்துக்கு ஆளுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், 'உருவாக்கியவர்கள்' என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன. 1978-இல் வந்த படத்தில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. ஜோ 1992-இலும் ஜெர்ரி 1996-இலும் இறந்தார்கள். சிவகாசி என்றொரு ஊர் தன்னை வாழவைத்துக்கொண்டிருப்பது ஜெர்ரிக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான்.

*

2003-இல் இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். அவருக்கு எண்பதை நெருங்கிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். சத்தமாகவே சொன்னேன். அவனால சொந்த ஊரையே காப்பாத்த முடியல தாத்தா, எழுதினவரு அப்படித்தான் எழுதியிருக்காரு என்றேன். ரயிலைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் பிடித்துக்கொண்டது வேறு இடத்தை. "எவ்ளோக்கு எழுதிக் குடுத்தானுங்க?"

"நூத்தி முப்பது டாலரு."

"கீழ என்ன இருக்குன்னு தெரியாம கையெழுத்துப் போட்டிருக்கானுங்க, பாவம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு ரெண்டரை ஏக்கர் மேட்டுநிலம் இருந்தது, சோளமும் கடலையும் போடுவோம். நான் பிறப்பதற்கு முன்னால் சுண்ணாம்புக்கல்லுக்காகத் தாத்தா அதை எழுதிக் கொடுத்தார். ஏக்கருக்குச் சில ஆயிரம். வானம் பார்த்த பூமிக்கு அது நல்ல விலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் எங்கள் ஊர் கடலாக இருந்தது. அந்தக் கடலும் அதன் உயிர்களும் அழிந்து, சிப்பியும் நத்தையும் படிந்துதான் இந்தச் சுண்ணாம்புக்கல் ஆனது. ஏர் ஓட்டும்போது கல்லான சிப்பிகள் மேலே வரும். தாத்தா பொறுக்கி வரப்பில் போடுவார். அதற்குக் கீழே எத்தனை அடி கல், அதன் மேல் எத்தனை சிமெண்ட் மூட்டை என்று கணக்குச் சொல்ல அவருக்கு யாரும் இல்லை. இப்போது அந்த இடம் தண்ணீர் நிற்கிற பெரும் பள்ளம்.

"பேராவது திரும்பப் போட்டாங்களா?" என்று கேட்டார்.

"போட்டாங்க தாத்தா. இருபத்தேழு வருஷம் கழிச்சு."

"பரவால்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த பொஸ்தகம் இருக்கா, எடு பாப்போம்" என்று கேட்டார்.

'பாட்டில் பூத'த்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அட்டை போய்விட்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டினார். கதை அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. கடைசிப் பக்கத்தில் ஓரமாக இருந்த வெற்றிடத்தைக் காட்டி, "இங்க எழுதி வையி" என்றார்.

பால்பாயிண்ட் பேனாவில் எழுதினேன்: கதை – ஜெர்ரி சீகல். அந்தப் பிரதி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.