கூடி வழக்காடிய கதை

இருப்பை மிஞ்சிச் செலவிட்டால் பாங்கு மிகைப்பற்றுக் கட்டணம் வாங்கும் என்பதை நாம் அறிவோம். அமெரிக்காவில் அக்கட்டணம் பெருகிய விதம் விந்தையானது. நூறு டாலர் இருப்புள்ள ஒருவர் முதலில் 10, 20, 30 டாலரும், இறுதியில் 100 டாலரும் செலவிட்டார் என்று கொள்வோம். செலவிட்ட வரிசைப்படி கழித்தால் கட்டணம் ஒன்றே. பெரிய தொகையை முதலில் கழித்தாலோ மூன்று! ஒரு கட்டணம் அக்காலத்தில் பெரும்பாலும் 35 டாலர் அளவினதாக இருந்தது. பல பாங்குகள் இம்முறையைக் கைக்கொண்டன.

இச்சிறு தொகைக்காகத் தனியொருவர் வழக்காடுதல் இயலுமா? ஆகவே வாடிக்கையாளர் அனைவர்க்குமாகக் கூட்டு வழக்குகள் எழுந்தன. 2010-இல் கலிபோர்னியாவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், வெல்ஸ் பார்கோ பாங்கு 20.3 கோடி டாலரைத் திருப்பித் தரத் தீர்ப்பளித்தார். 2011-இல் மயாமி நீதிமன்றம், பாங்க் ஆப் அமெரிக்கா 41 கோடி டாலர் தரும் சமரசத்தை ஏற்றது. அச்சமரசத்தில் ஒவ்வொருவர்க்கும் கிட்டியது இழந்ததில் சிறு பங்கே. ஆயினும், தனிக்குரலுக்குச் செவிசாயாத பாங்குகள் கூட்டுக்குரலுக்குக் கணக்குச் சொல்ல நேர்ந்ததை நாம் மறத்தலாகாது.