இரத்தினபுரியின் எறும்பரசி

இரத்தினபுரி என்றதும் மாணிக்கக் கல்லே எவர் நினைவிலும் எழும். அம்மாவட்டத்துக் காடுகளில், உக்கிய சுள்ளிகளுக்குள்ளே, அக்கல்லினும் அரியதோர் உயிர் குடியிருக்கின்றது. அது ஒரு சிறிய மஞ்சள் நிற எறும்பு.

1892 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் யூஜீன் சிமோன், சிலந்திகளோடு எறும்புகளையும் சேகரித்துச் சென்றார். அவற்றை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் கார்லோ எமெரி, 1893 இல் இவ்வெறும்புக்கு ‘அனியூரெட்டஸ் சிமோனி’ எனப் பெயர் சூட்டினார். இதன் உறவினங்கள், பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் அம்பர் என்னும் பழம் பிசினுள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடக்கின்றன. அக்கிளையில் இன்றும் உயிரோடிருப்பது இலங்கையின் இவ்வினம் ஒன்றே.

1955 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து எட்வர்ட் வில்சன் இதனைத் தேடி வந்தார். கண்டியில் தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் இரத்தினபுரியில், உட்குடைவான சுள்ளி ஒன்றை ஒடித்தபோது, தேடிய எறும்பே வெளிப்பட்டது. கிலிமலைக் காட்டிலும் அதனைக் கண்டார். மறு ஆண்டு, அவரும் தோமஸ் ஐஸ்னரும், வீலர் தம்பதியரும் இதன் உடலமைப்பையும் குடம்பியையும் விரித்துரைத்தனர். 1981 இல் டிரானியெல்லோ, ஜயசூரிய ஆகிய இருவரும், இவ்வெறும்பு தன் வயிற்றடிச் சுரப்பியின் மணத்தால் வழியமைப்பதை எடுத்துக் காட்டினர்.

எறும்புக் குடியின் உயிர்நாடி அரசியே. பொதுவாக எறும்பரசி மணப்பறப்பு முடிந்ததும் சிறகுகளை உதிர்த்துவிட்டு, முட்டையிடத் தக்க இடம் நாடுகின்றது. அவ்வேளையில் அதனைப் பிடித்து, பஞ்சினால் நீரைத் தடுத்து வைத்த கண்ணாடிக் குழாயில் வளர்ப்போர் உலகெங்கும் உளர். எனினும் வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் அது எளிதன்று. வெயில் பட்டால் குழாய் உலையாகும். காற்றோட்டம் குன்றினால் பூஞ்சணம் படரும். ஈரம் வேண்டும், நிழலும் வேண்டும். இரண்டும் அளவோடு வேண்டும்.

இவ்வளவைக் காடு தானே அறிந்து காக்கின்றது. விழுந்த இலை வெயிலை மறைக்கின்றது. உக்கிய கட்டை மழைநீரைத் தேக்கி மெல்ல விடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சபரகமுவ மலைச்சரிவுகள் பல கோப்பிக்காக வெட்டப்பட்டன. பின்பு தேயிலையும் இறப்பரும் வந்தன. தோட்டத்து மக்களுக்குச் சோறிட்ட அப்பயிர்கள், எறும்பரசியின் வீட்டை ஒடுக்கின. எஞ்சிய காட்டின் சுள்ளியும் அடுப்புக்கு விறகாயிற்று. பசித்தவர் அடுப்பைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் இழப்பு இழப்பே.

1996 இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் வரிசையில் இதனைச் சேர்த்தது. அதன் பின்னர் சிங்கராஜா முதலிய பிற காடுகளிலும் இவ்வெறும்பு காணப்பட்டமை ஆறுதல் தருகின்றது.

ஒருவர் கண்ணாடிக் குழாயில் வளர்ப்பது ஓர் அரசியை. காட்டு நிழலில் உக்கிய கட்டையொன்றை விழுந்த இடத்திலேயே விட்டுவைப்பவரோ, இனி வரும் அரசிகளுக்கெல்லாம் அரண்மனை அமைத்தவராவார்.