அடியில் பொங்கும் தண்ணீரும் நான்கு வினைச்சொற்களும்

போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ‘அவாய்ட்’, ‘ப்ரிவென்ட்’, ‘அவெர்ட்’, ‘இவேட்’ என்ற நான்கையும் பிரித்துக் காட்ட நான் அகராதியைத் தேடுவதில்லை. காடாம்புலியூரில் இருந்துகொண்டு அதற்கு அகராதி எதற்கு? பக்கத்தில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரோடு அங்கே எழுபது வருஷமாக நடக்கும் மல்லுக்கட்டைச் சொன்னால் நான்கு சொல்லும் அதிலேயே வந்துவிடும். என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலருக்கு அப்பாவோ மாமாவோ சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. மற்றவர்கள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிறார்கள். பம்பு, பெல்ட், பக்கெட் வீல் என்றால் யாரும் விழிக்க மாட்டார்கள்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போடப்போய், தண்ணீரோடு பழுப்பாக ஏதோ மேலே வந்த கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கதை சொல்கிறவர்கள் அந்தப் பழுப்பைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். என் கண் தண்ணீர் மேல். இறைக்காமலே பொங்கிய தண்ணீர் அது. நிலக்கரிக்கும் கீழே மணல் அடுக்குகள். அவற்றில் அழுத்தத்தோடு அடைபட்ட நீர். சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்று அந்த அழுத்தத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். வழி கிடைத்தால் இருபது மாடி உயரத்துக்கு ஏறக்கூடிய வேகம்.

அதை இத்தனை காலம் அடக்கி வைத்திருந்தது மேலே கிடந்த மண்ணும் கடலூர் மணற்பாறையும்தான். இடத்துக்கு இடம் 45 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை கனம். நிலக்கரி வேண்டுமென்றால் அந்தக் கனத்தை எடுத்தாக வேண்டும். எடுத்தால் குழியின் தரையையே பெயர்த்துக்கொண்டு தண்ணீர் மேலே வரும். இதுதான் சிக்கல்.

இந்த இடத்தில் பிள்ளைகளைக் கேட்பேன்: அவாய்ட் பண்ண முடியுமா? முடியும், தோண்டாமல் விட்டுவிட்டால். ஆனால் அன்றைய சென்னை மாகாணத்தில் சொல்லிக்கொள்ள வேறு நிலக்கரி கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலில் வந்தாக வேண்டும். ஆகவே விலகிப் போகிற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. 1950களின் தொடக்கத்தில் சோதனைக் குழி வெட்டிப் பார்த்தார்கள். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து வெட்டும் வேலையைத் தொடங்கி வைத்தார்.

தண்ணீருக்குக் கண்ட வழி, கேட்கச் சின்னதாக இருக்கும். குழி நிலக்கரியை எட்டும் முன்பே, அதைச் சுற்றி ஆழ்குழாய்களை இறக்கி இரவும் பகலும் இறைப்பது. அழுத்தம் இறங்கியபின் தோண்டுவது. வெட்டுமுகம் நகர நகர, குழாய்களும் அதற்கு முன்னால் நகர வேண்டும். இறைப்பை நிறுத்த முடியாது. மின்சாரத்துக்காகத் தோண்டிய குழியை, மின்சாரத்தால்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு டன் நிலக்கரிக்குப் பத்து டன்னுக்கும் மேல் தண்ணீரை இறைத்த காலம் உண்டு. நடுவே மணற்பாறை தன் பங்குக்கு, மண்ணை வெட்டும் பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களைத் தேய்த்தது. வெடி வைத்துத் தளர்த்திய பிறகே வெட்ட முடிந்தது. 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது, அடுத்த ஆண்டு மின்சாரம் வந்தது.

இதுதான் ‘ப்ரிவென்ட்’. லத்தீனில் ‘முன்’ என்பதும் ‘வருதல்’ என்பதும் சேர்ந்து பிறந்த சொல். 1611இல் அச்சான இங்கிலீஷ் பைபிளில் அதற்குத் தடுப்பது என்ற பொருளே இல்லை. முந்திப் போவது என்றுதான் பொருள். வெட்டுமுகத்துக்கு முந்திப் போய் நிற்கும் குழாய்க்கிணறு அந்தப் பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒருசேரச் செய்கிறது. நம் ஊரில் 1999இல் தொடங்கிய மருத்துவ முகாம் திட்டத்துக்கு ‘வருமுன் காப்போம்’ என்று பெயர் வைத்தபோது லத்தீனை யாரும் பார்த்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் வேர் அதேதான்.

‘அவாய்ட்’ அதைவிட வேடிக்கை. இன்றைக்கு அது ஒதுங்கிப் போவது. பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தபோது அதன் பொருள் காலி செய்வது, வெறுமையாக்குவது. அந்தப் பொருளில் பார்த்தால் நெய்வேலியில் நாளெல்லாம் நடப்பது அவாய்ட்தான். ஒரு காலத்தில் தானே பொங்கிய குழாய்கள் இந்தப் பக்கத்தில் இன்று பொங்குவதில்லை. சுரங்கமும் இறைக்கிறது, நம் கழனி மோட்டார்களும் இறைக்கின்றன.

தேர்வுக்கு இவ்வளவு வேண்டாம்தான். தேர்வுக்கு நான் சொல்வது வேறு: முந்திரிக் காட்டில் பாம்பைக் கண்டு வேறு வழியாகப் போனால் அவாய்ட், பாம்பு அண்டாதபடி முன்கூட்டியே புதரை வெட்டிப்போட்டால் ப்ரிவென்ட். முதலாவதற்குப் பின்னால் வினை ‘இங்’ விகுதியோடு வரும். இரண்டாவதில் தடுக்கப்படுகிறவரைச் சொல்லி, ‘ஃப்ரம்’ போட்டு, அதற்கப்புறம்தான் ‘இங்’. இந்த ‘ஃப்ரம்’தான் பாதிப் பேரிடம் மதிப்பெண்ணைப் பறிக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததே, அதற்கு எந்த வினை? ப்ரிவென்ட் இல்லை, புயலை யார் தடுப்பது? மேட்டுக்குப் போய் உயிர் பிழைத்தவர்களுக்கு அவாய்ட் பொருந்தும். மரத்துக்குக் கால் இல்லை.

மூன்றாவது ‘அவெர்ட்’ என்றால் திருப்பிவிடுவது. வருகிற கேட்டை வேறு பக்கம் திருப்பினால் அவெர்ட். இதற்கும் சுரங்கத்திலேயே உதாரணம் உண்டு. இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றையே திருப்ப வேண்டியிருந்தது. அதற்கான வாய்க்காலுக்காக 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், பச்சைக் கதிர் நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியாயிற்று என்றது ஒரு தரப்பு. அறுவடை வரை பொறுத்திருக்கலாமே என்றது மறுதரப்பு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், பயிருக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. ஆற்றைத் திருப்பி, சுரங்கத்துக்குள் வெள்ளம் புகாமல் செய்வது அவெர்ட், சரி. பயிர் சேதம் அவாய்ட் செய்யக்கூடியதுதான் என்பது என் கட்சி. இரண்டு மாதத்தில் நெல் வீட்டுக்கு வந்திருக்கும்.

பாக்கி இருப்பது ‘இவேட்’. மற்ற மூன்றிலும் இல்லாத கள்ளத்தனம் இதில் உண்டு. வரியை, கேள்வியை, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அந்த ஜூலை மாதப் பத்திரிகைகளைப் படித்து, இந்த வினைக்கு எழுவாய் யார் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பெயரை எழுதிக்கொண்டு வந்தது. இலக்கணப்படி எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.